மட்டம் அப்புறம், முதலில் வண்டி நிற்கட்டும்

கேள்வி: ஐயா, சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சமையல் மேடை, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து வீட்டு வண்டியாக மாற்றியிருக்கிறோம். எடை ஏறத்தாழ 4 டன், பின்னால் இரட்டை டயர். போன மே மாதம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் உறவினர் எஸ்டேட்டில் தங்கப் போனோம். இடம் சரிவு. வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து நின்றது. பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் இரண்டு பாட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கி, பின் டயருக்கு அடியில் மூன்று செங்கல் உயரத்துக்கு அடுக்கினோம். ஜாக்கியை இறக்காமல் அப்படியே விட்டோம். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரிலும் நிறுத்தியிருந்தோம். சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை. ராத்திரி 11 மணிக்கு மழை பிடித்தது. நள்ளிரவு தாண்டி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, பின்னால் ஓர் அடி போல நகர்ந்து, ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஆள் உயரப் பள்ளம். உள்ளே நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. யாருக்கும் அடியில்லை. ஆனால் அம்மா இனி அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்கிறார். ஃபிரிட்ஜும் குளிர்வதில்லை. மேடுபள்ளமான இடத்தில் வண்டியை எப்படி மட்டம் செய்வது? ஹைட்ராலிக் ஜாக்கி செட் வாங்கிப் போட்டால் இந்தப் பிரச்சினை தீருமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அந்த மரம் வரும் வரியில் நின்றுவிட்டேன். ஐந்து பேர் படுத்திருந்த வண்டி அது. நீங்கள் வெட்கப்படாமல், எதை வைத்தோம் எதை வைக்கவில்லை என்று ஒன்றுவிடாமல் எழுதியது பெரிய விஷயம். அதனால்தான் நானும் எதையும் பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது மட்டம் செய்வதைப் பற்றி. ஆனால் அன்று வண்டி நகர்ந்ததற்கு மட்டம் காரணமில்லை. உள்ளே மட்டம் நன்றாகத்தான் இருந்திருக்கும். மட்டமாக்கும் முனைப்பில், வண்டியைப் பிடித்துவைத்திருந்த ஒரே பிடியை நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

உங்களுடையது போன்ற வேன்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன்சக்கரம் இரண்டும் தள்ளினால் உருளும். முதல் கியரில் நிறுத்தினாலும் கியர் பிடிப்பது அதே பின்சக்கரத்தைத்தான். ஆக, நிறுத்திய வண்டியின் பிடி முழுவதும், பின் டயர் எடையோடு தரையை அழுத்திக்கொண்டிருக்கும் அந்த உள்ளங்கை அகல இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் ஜாக்கி போட்டதும் அந்த எடை டயரிலிருந்து ஜாக்கிக்கு மாறிவிட்டது. செங்கல் அடுக்கிய பிறகும் ஜாக்கியை இறக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் டயர் செங்கல்லைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பிரேக் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சக்கரம் எதையும் பிடிக்கவில்லை. உருளுகிற முன்சக்கரம் இரண்டு, நட்டு வைத்த குச்சி மாதிரி ஜாக்கி இரண்டு. இந்த நாலின் மேல்தான் 4 டன் வண்டி சரிவில் நின்றிருக்கிறது. மழை வந்து ஜாக்கியின் அடி இளகியதும் குச்சி சாய்ந்தது, வண்டியும் அதோடு போனது.

ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால் பரவாயில்லை என்றும் சிலர் நினைக்கிறார்கள். அதுவும் ஆபத்துதான். ஒரு பக்கம் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கின் பிடி பாதியாகிவிடும். கியரை மட்டும் நம்பினால் பிடி சுத்தமாகப் போய்விடும், ஏனென்றால் இரண்டு பின்சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்கிறது. தரையில் நிற்கும் சக்கரம் உருளப் பார்த்தால், அந்தரத்தில் இருக்கும் சக்கரம் எதிர்த் திசையில் சுற்றி அதற்கு வழிவிட்டுவிடும். பட்டறையில் பின்பக்கம் இரண்டையும் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரில் நிறுத்திய வண்டியில் ஒரு பக்கப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், எதிர்ப்பக்கச் சக்கரம் மறுபக்கம் சுற்றும். அதேதான்.

அதனால் இனி உங்கள் வண்டிக்கு ஒரே சட்டம்: முகாம் இடத்தில் பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி நிறுத்தக் கூடாது. பஞ்சர் பார்க்கத் தூக்குவது வேறு. அப்போதும் மட்டமான இடம், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை, உள்ளே ஆள் இல்லை. தூக்கிய வண்டியில் தூங்குவது என்ற பேச்சே வேண்டாம்.

நான் பதினேழு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவன். ஏற்றத்தில் டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினால், எஞ்சின் அடங்குவதற்குள் நான் கட்டையோடு கீழே குதித்திருக்க வேண்டும். கருவேலங்கட்டை, ஒரு முழம் நீளம், டயர் உட்காரும் பக்கம் ரப்பர் கரி ஏறி வழவழவென்று கறுத்திருக்கும். அதைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, குதிகாலால் ஓர் உதை உதைத்து, "போட்டாச்சுண்ணா" என்று குரல் கொடுத்த பிறகுதான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். குரல் வராமல் அவர் கால் அசையாது. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் தேர் நிற்பது அந்தக் கட்டையில்தான். இன்றைக்கு வண்டியில் எத்தனையோ வசதி வந்துவிட்டது, கட்டை மட்டும் பாதி வண்டிகளில் இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

உங்களுக்கு நாலு கட்டை வேண்டும். உயரம் டயர் உயரத்தில் கால் பங்காவது இருக்கட்டும். அதைவிடச் சிறியதாக இருந்தால் கனமான வண்டி மேலே ஏறித் தாண்டிவிடும். இறக்கத்தின் பக்கமாக, டயரின் நடுப்பகுதியில் ஒட்டி வையுங்கள். இரண்டு விரல் இடைவெளி விட்டால் வண்டி அந்த இரண்டு விரல் தூரத்தில் வேகம் பிடித்து வந்து மோதும். தரையில் நிற்கப்போகிற சக்கரங்களுக்குக் கட்டை முதலில், மற்ற எல்லா வேலையும் அதற்கு அப்புறம்.

சரி, இப்போது இடத்துக்கு வருவோம். மட்டம் செய்வதில் முக்கால் பங்கு வேலை இடம் பார்ப்பதிலேயே முடிந்துவிடும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி வந்தது. அதிலிருந்து இன்றுவரை சரிவை வெட்டித் தட்டுத் தட்டாக்கியபடிதான் இருக்கிறார்கள். தட்டு எப்படி உண்டாகிறது? மலைப் பக்கம் வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி நிரவுகிறார்கள். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே தரை, ஒரே சிவப்பு. ஆனால் உள்பக்கம் கெட்டியான பழைய மண், வெளிப்பக்கம் கொட்டிய மண். மழை பெய்தால் முதலில் இளகுவதும் உட்காருவதும் வெளிப்பாதிதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம் என்பதால், உங்கள் பின்சக்கரம் நின்றது கொட்டிய மண்ணில்தான். அதிலும் சில்வர் ஓக் சருகு விழுந்து மக்கிய மேல்மண் மெத்தை மாதிரி இருக்கும். நடந்துபோகச் சுகமாக இருக்கும், ஜாக்கிக்கு அது எமன்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். பாட்டில் ஜாக்கியின் அடித்தட்டு 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அதன் மேல் 1 டன் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 10 கிலோ. இளகிய களிமண் தாங்கும் என்று கட்டட வேலையில் வைக்கும் கணக்கே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோதான். அடியில் 30க்கு 30 அளவில் கனமான பலகை ஒன்றைப் போட்டிருந்தால் அதே 1 டன் 900 சதுர சென்டிமீட்டரில் பரவி, சுமை 1.1 கிலோவுக்கு இறங்கியிருக்கும். டயரும் சாதுவில்லை. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதற்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். 60 பி.எஸ்.ஐ. காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோவுக்கு மேல். அதனால்தான் காய்ந்த மண்ணில் நின்ற வண்டி, விடிந்து பார்த்தால் ஒரு பக்கம் நாலு விரல் புதைந்திருக்கிறது. ஏற்காட்டில் ஏப்ரல், மே மாதத்தில் பகல் வெயிலை நம்பி இடம் பிடிக்காதீர்கள். சாயங்காலம் இடி இடித்தால் போதும், தரை வேறு தரையாகிவிடும்.

இடத்தைச் சோதிக்க ஒரு கடப்பாரை போதும். காலை அகட்டி நின்றுகொண்டு, இடுப்பு உயரத்திலிருந்து அதைத் தானாக விழவிடுங்கள். ஒரு விரல் இறங்கினால் நல்ல தரை. ஒரு சாண் இறங்கினால் அடுத்த இடம் பாருங்கள். நாலு சக்கரம் வரும் நாலு இடத்திலும் செய்யுங்கள். மூன்று இடம் கெட்டி, ஒன்று மட்டும் இளக்கம் என்றால் அதுவும் ஆகாது, ராத்திரி மழையில் வண்டி அந்த மூலைக்குத்தான் சாயும். அப்புறம் தண்ணீர் ஓடிய தடத்தைப் பாருங்கள். சருகு ஒதுங்கி, மணல் கோடு கோடாகத் தெரிந்தால் அது மழைத் தண்ணீரின் வழி. அதில் நிற்க வேண்டாம். மேலேயும் பாருங்கள். சில்வர் ஓக் கிளை காற்றுக்குச் சட்டென்று முறியும். உங்களைக் காப்பாற்றிய மரம்தான், ஆனாலும் அடுத்த முறை அதன் கிளைக்கு அடியில் நிறுத்தாதீர்கள்.

உறவினர் எஸ்டேட் என்பதால் ஒன்று கேட்கிறேன், அங்கே காபி காயவைக்கும் களம் இருக்குமே? அறுவடை முடிந்த பிறகு மே மாதத்தில் அது சும்மாதான் கிடக்கும். சிமெண்ட் தளம், தண்ணீர் வடிய லேசான வாட்டம் மட்டும். மூட்டை ஏற்ற லாரி வந்து நிற்கிற களமா என்று அவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அதைவிட நல்ல இடம் அந்த எஸ்டேட்டில் உங்களுக்குக் கிடைக்காது. மெல்லிய தளம் என்றால் ஏற்றாதீர்கள், விரிசல் விட்டால் அவருக்கு நஷ்டம்.

களம் இல்லையென்றால் தட்டில் நிற்கலாம். உள்பாதியில், மலைச்சுவரிலிருந்து கல் உருண்டாலும் படாத அளவு தள்ளி, தட்டின் நீளவாக்கில் நிறுத்துங்கள். பள்ளத்தைப் பார்த்து முகமோ பின்பக்கமோ இருக்கவே கூடாது. தப்பித்தவறி உருண்டாலும் வண்டி தட்டோடுதான் போக வேண்டும்.

இனி அளவு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 60 சென்டிமீட்டர் நீளத்தில். அந்த நீளத்தைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். ரசமட்டத்தை வண்டியின் தரையில் வைத்து, தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். முனைக்கும் தரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளியோ, சரிவு ஏறத்தாழ அத்தனை டிகிரி. 60 சென்டிமீட்டருக்கு 1 என்றால் 1 டிகிரி, 3 என்றால் 3 டிகிரி. மேஜை மேல் வைத்துப் பார்க்காதீர்கள், மேஜையே கோணலாக இருக்கலாம். படுக்கைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் வையுங்கள்.

எத்தனை உயரம் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். குறுக்குவாக்கில் 2 சென்டிமீட்டர் இடைவெளி வந்தது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.65 மீட்டர் என்று வையுங்கள். 1.65 மீட்டர் என்பது ரசமட்டத்தின் நீளத்தைப் போல 2.75 மடங்கு. ஆக 5.5 சென்டிமீட்டர் கொடுத்தால் போதும். அதே 2 சென்டிமீட்டர் நீளவாக்கில் வந்தால்? முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 3.35 மீட்டர் என்றால் 11 சென்டிமீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். குறுக்குச் சரிவைச் சரிக்கட்டுவது சுலபம், நீளச் சரிவு கடினம். தட்டின் நீளவாக்கில் நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் மூன்று செங்கல் வைத்தீர்கள் என்றால் 20 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். ஏறத்தாழ 4 டிகிரி. அந்த இடத்தைப் பார்த்ததும் "இங்கே வேண்டாம்" என்று திரும்பியிருக்க வேண்டும். என் கணக்கில் 12 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் கேட்கும் இடம் வீட்டு வண்டிக்கு ஆகாது.

எதை வைத்து உயரம் கொடுப்பது? செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் வேண்டாம். சுவரில் சிமெண்ட் வைத்துக் கட்டினால் அவை பாரம் தாங்கும். டயர் ஓரமாக ஏறி உட்கார்ந்தால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பிளக்கும். மரம் அப்படியில்லை, நசுங்கும், முனகும், நேரம் கொடுக்கும். கறிக்கடையில் வெட்டுக்கட்டை புளியமரத்தில் இருக்கிறதே, அதுமாதிரி கடினமான மரம் எதுவும் சரி. மரக்கடையில் 4 சென்டிமீட்டர் கனப் பலகை அறுத்து வாங்கி, படிப்படியாக மூன்று அடுக்கு செய்துகொள்ளுங்கள். கீழே 95 சென்டிமீட்டர் நீளம், நடுவில் 70, மேலே 45. ஒவ்வொரு படியின் விளிம்பையும் சாய்வாகச் செதுக்குங்கள். அகலம்தான் முக்கியம், பின்னால் இரட்டை டயர் என்பதால் இரண்டும் முழுசாக உட்காரும் அகலம் வேண்டும். ஒரு டயர் பலகையிலும் அடுத்தது அந்தரத்திலும் இருந்தால், இரண்டு டயர் சுமக்க வேண்டியதை ஒன்று சுமக்கும். பக்கச்சுவர் உள்ளே நைந்துபோவது அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் வெடிக்கும்போது தெரியும். அடுக்குகளை ஆணி அடித்துச் சேர்க்காதீர்கள், ஆணி மேலே கிளம்பி டயரைக் குத்தும். தலை உள்ளே புதையும்படி போல்ட் போடுங்கள். கடைசிப் படியின் முனையில் ஒரு தடுப்புக் குச்சி, சக்கரம் தாண்டிப் போகாமலிருக்க. மண் தரை என்றால் இந்த அடுக்குக்கு அடியிலும் ஓர் அகலப் பலகை, தரையில் நிற்கும் மற்ற சக்கரங்களுக்கும் பலகை.

இப்போது ஏற்றுவது. முன்பக்கம் தாழ்ந்திருந்தால் முன்சக்கரம் இரண்டையும் இந்தப் படி அடுக்குகளில் ஏற்றுங்கள். பின்சக்கரம் தரையில் ஊன்றியபடியே இருக்கும், பிரேக்கின் பிடி போகாது. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஜாக்கியைத் தேடாதீர்கள், வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். அப்போது தாழ்ந்த பக்கம் முன்பக்கமாகிவிடும். இதை மட்டும் அன்று செய்திருந்தால், அந்த இடம் மோசமாகவே இருந்தாலும், ராத்திரி நீங்கள் எழுந்திருக்க நேர்ந்திருக்காது. இடது வலது சாய்வு என்றால் தாழ்ந்த பக்கத்தின் முன், பின் சக்கரம் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டி ஏற்றுங்கள். ஓட்டி ஏறிய பின்சக்கரத்தில் எடை முழுசாக இருக்கும், அதனால் பிடியும் இருக்கும். ஜாக்கியில் தூக்குவதற்கும் படி அடுக்கில் ஏறுவதற்கும் இதுதான் வித்தியாசம்.

பிள்ளைகளையும் அம்மாவையும் முதலில் இறக்கி, மேட்டுப் பக்கம் தள்ளி உட்காரவையுங்கள். வழி சொல்ல ஒரே ஆள், உங்கள் மனைவி. டிரைவர் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிய வேண்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ பள்ளத்துப் பக்கமோ நிற்கக் கூடாது. முகம் மறைந்தால் அந்த நொடியே பிரேக். "ரைட், ரைட்" என்றால் வரலாம், "ஹோல்டான்" என்றால் நின்றுவிட வேண்டும். இரண்டு சொல் போதும். நாலு பேர் நாலு பக்கம் நின்று கத்துவதில்தான் பாதி விபத்து நடக்கிறது. ஏறியதும் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் ஹேண்ட் பிரேக், கியர், பிறகு மனைவி பக்கவாட்டிலிருந்து கட்டை வைத்து "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அப்புறம் பிரேக்கை மெதுவாக விட்டு, வண்டி கட்டையில் சாய்ந்து உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்த பிறகுதான் எஞ்சினை அணைக்க வேண்டும்.

அரை டிகிரிக்காக மல்லுக்கட்ட வேண்டாம். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு ஒரு பக்கம் ஓடாமல் இருந்தால், தலைமாடு கொஞ்சம் உயரமாக இருந்தால், குளித்த தண்ணீர் வடிகாலைப் பார்த்துப் போனால், போதும்.

நாலு மூலையிலும் ஊன்றும் சிறிய ஜாக்கிகள் இருந்தால் கடைசியில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆள் புரண்டு படுத்தால் பட்டையில், அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள ஸ்பிரிங் தகடுகளில், வண்டி ஆடுகிறதே, அந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் அவை. தரையைத் தொட்ட பிறகு கால் சுற்று, அரைச் சுற்று, அவ்வளவுதான். அவற்றால் வண்டியைத் தூக்கப் பார்த்தால் ஜாக்கியும் வளையும், பாடியும் முறுக்கிக்கொண்டு கதவு சாத்தாது.

ஹைட்ராலிக் செட் கேட்டிருந்தீர்கள். பட்டன் அழுத்தினால் நாலு காலும் இறங்கி வண்டி தானாக மட்டமாவது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பெரிய வண்டிகளில் அது சாதாரணம். ஆனால் அங்கேயும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பக் கூடாது என்றுதான் எச்சரிக்கிறார்கள், காரணம் அதே ஹேண்ட் பிரேக். எடையும் விலையும் அதிகம், அடியில் தொங்குவதால் எஸ்டேட் ரோட்டில் கல்லில் இடிக்கும், சேற்றில் அதன் காலுக்கும் பலகை வேண்டும். உங்களுக்கு இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை மரக்கடையில் கொடுங்கள்.

ஃபிரிட்ஜ் விஷயம். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியாவும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கி, அது தன் எடையாலேயே குழாயில் இறங்கி ஓடுவதால்தான் குளிர்ச்சி வருகிறது. சாய்வில் நின்றால் திரவம் ஓடாமல் ஓரிடத்தில் தேங்கும், சூடாகும் பகுதி காய்ந்து உள்ளே படிவு கட்டி அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் பெரும்பாலும் அந்த யூனிட்டையே மாற்ற வேண்டும். பழைய மாடல்களில் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரி வரை பொதுவாகத் தாங்கும். உங்கள் ஃபிரிட்ஜின் அளவு அதன் கையேட்டில் இருக்கும். ஓடும் வண்டியில் குலுங்கிக்கொண்டே இருப்பதால் திரவம் ஒரே இடத்தில் தங்காது, நின்ற வண்டிதான் பிரச்சினை. உங்கள் வண்டி கோணலாக நின்ற பிறகும் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அம்மோனியா நெடி அடித்தாலோ பின்பக்கக் குழாயில் மஞ்சள் பொடி தெரிந்தாலோ உடனே அணைத்துவிட்டுத் தொடாமல் விடுங்கள். அடுத்து வாங்கினால் கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் ஃபிரிட்ஜ் பாருங்கள், அது சாய்வுக்கு இத்தனை முரண்டு பிடிக்காது.

அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு குலுக்கல் வாங்கிய வண்டியில் கேஸ் பைப் இணைப்புகள் தளர்ந்திருக்கலாம். சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தரையாகப் படுத்திருக்கும், நின்றுகொண்டிருப்பவருக்கு வாசனை தெரிவதற்குள் படுத்திருப்பவர் சுவாசித்துவிடுவார். சிலிண்டர் பெட்டியில் கீழ்ப்பக்கக் காற்றுத் துளை அடைபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டறையில் விட்டு, பின் ஆக்ஸிலின் யூ-போல்ட், பட்டைகளின் சென்டர் போல்ட், பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், இரட்டை டயரில் உள் டயரின் பக்கச்சுவர் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இது முடியும்வரை வண்டியை மலை ஏற்றாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவது மட்டுமில்லை, இறங்கவும் வேண்டும்.

கிளம்பும்போது கட்டையை எடுப்பதிலும் கவனம் வேண்டும். டிரைவர் சீட்டில் ஆள், எஞ்சின் ஓட்டத்தில், கால் பிரேக்கில், அதற்கப்புறம்தான் கட்டையை எடுப்பது. ஒவ்வொரு கட்டையிலும் ஓட்டை போட்டு இரண்டு முழக் கயிறு கட்டிவையுங்கள். சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கையை விடாமல், பக்கவாட்டில் நின்று இழுத்துவிடலாம்.

அம்மா ஏறமாட்டேன் என்பதில் தப்பே இல்லை. அவரைச் சமாதானம் செய்யாதீர்கள், காட்டுங்கள். கட்டையும் பலகையும் தயாரானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டுப் பக்கம் லேசான வாட்டமுள்ள காலி இடத்தில் எல்லாவற்றையும் ஒரு தடவை செய்து பாருங்கள். அம்மா நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்கள் ஏற்றி, கட்டை போட்டு, பிரேக்கை விட்டு, வண்டி அசையாமல் நிற்கிறது என்று அவர் கண்ணால் பார்த்த பிறகு, உள்ளே வந்து ஒரு டம்ளர் காபி குடிக்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அந்த முறை ஏற்காட்டில் அவருக்கு மட்டும் ஓர் அறை எடுத்துக்கொடுங்கள்.